412 பதில்கள் வந்துவிட்டன, அடுத்து என்ன?

கேள்வி: நான் முனைவர் பட்ட ஆய்வு மாணவி. ஆன்லைன் வகுப்புகளில் சேருகிறவர்கள் ஏன் பாதியில் விட்டுவிடுகிறார்கள் என்பது என் தலைப்பு. கூகுள் ஃபார்மில் ஒரு சர்வே தயாரித்து, எனக்குத் தெரிந்த வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் பகிர்ந்தேன். மூன்று வாரத்தில் 412 பேர் நிரப்பினார்கள். 384 பேர் இருந்தால் போதும் என்று கைடு சொல்லியிருந்தார், அதைத் தாண்டிவிட்டேன். சர்வேயில் 1 முதல் 5 வரை எண் போடச் சொன்ன 14 கூற்றுகளையும் வயது, பாலினம், கல்வி, வேலை, வருமானம் என்ற ஐந்தோடும் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்ததில், மூன்றுக்கு மட்டும் பி-மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே வந்தது. ஃபாக்டர் அனாலிசிஸும் (கூற்றுகளுக்குப் பின்னால் இருக்கும் சில பொதுக் காரணிகளைத் தேடும் கணக்கு) போடச் சொல்கிறார் கைடு. "இது எக்ஸ்ப்ளோரேட்டரி ஆய்வுதானே, எதைப் போட்டாலும் ஒத்துக்கொள்வார்கள்" என்கிறார் நண்பர் ஒருவர். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளித் தேர்வாளர், ஒத்துக்கொள்வாரா? டேட்டா கோப்பை இணைத்திருக்கிறேன். உங்கள் ஆலோசனை வேண்டும்.

பதில்: உடனே பதில் எழுதாமல் இரண்டு நாள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம், உங்கள் கோப்பைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டதுதான். டேட்டாவைப் பார்க்காமல் அதைப் பற்றி யோசனை சொல்வது எனக்கு ஒத்துவராது. முதலில் ஓர் ஆறுதல்: மூன்று வார உழைப்பு வீணாகவில்லை. ஆனால் அதை வைத்து நீங்கள் எழுத நினைக்கும் அத்தியாயத்தை அது தாங்காது. வேறோர் அத்தியாயத்தைத் தாங்கும். என்னைக் கேட்டால் அதுதான் படிக்கச் சுவையான அத்தியாயம்.

384இலிருந்து தொடங்குவோம். 95 சதவீத நம்பிக்கை மட்டத்துக்கு உரிய எண் 1.96, அதன் வர்க்கம் 3.8416. கூட்டம் பாதிக்குப் பாதி பிரிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டால் 0.5 பெருக்கல் 0.5, அதாவது 0.25. பிழை வரம்பு 5 சதவீதம். அதன் வர்க்கம் 0.0025. முதல் இரண்டையும் பெருக்கி மூன்றாவதால் வகுத்தால் 384.16. 1970இல் கிரெஜ்சி, மார்கன் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட அட்டவணையில், பத்து லட்சம் பேர் கொண்ட கூட்டத்துக்கு நேராக இருப்பதும் இதே 384தான். ஆய்வேடுகளில் இந்த எண் கிட்டத்தட்ட மந்திரம் மாதிரி ஆகிவிட்டது.

கணக்கு சரிதான். ஆனால் அது நிற்பது ஒரு நிபந்தனையின் மேல்: மொத்தக் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும், குலுக்கலில் சீட்டு எடுப்பதைப் போல. உங்கள் 412 பேரை யாரும் குலுக்கி எடுக்கவில்லை. நீங்கள் இருக்கும் குழுக்களில் அவர்களும் இருந்தார்கள், அந்த நேரத்தில் போனைப் பார்த்தார்கள், நிரப்ப மனம் வந்தது, அவ்வளவுதான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது, எல்லாச் சோறும் ஒன்றாக வெந்த பானைக்குத்தான் பொருந்தும்.

எண்ணிக்கையைக் கூட்டினால் இது சரியாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆகாது. 2021இல் அமெரிக்காவில் எத்தனை பேர் கோவிட் தடுப்பூசி போட்டுக்கொண்டார்கள் என்று அறிய, டெல்ஃபி என்ற ஆய்வுக் குழு ஃபேஸ்புக் வழியாக ஒரு சர்வே நடத்தியது. வாரத்துக்குச் சுமார் இரண்டரை லட்சம் பதில்கள். ஒரு தவணையாவது போட்டுக்கொண்ட வயதுவந்தோரின் பங்கை, அந்த ஆண்டு மே மாதத்தில் அது 17 சதவீதப் புள்ளிகள் கூடுதலாகக் காட்டியது. பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள், குலுக்கி எடுத்த பத்துப் பேரிடம் கேட்டிருந்தாலும் இதே அளவு துல்லியம்தான் கிடைத்திருக்கும் என்றார்கள். பத்துப் பேர்! அதே காலத்தில் வாரத்துக்குச் சுமார் ஆயிரம் பேரிடம், ஆட்களைக் கவனமாகத் தேர்ந்து கேட்ட இன்னொரு சர்வே உண்மைக்கு நெருக்கமாக இருந்தது. அதுவும் ஆன்லைன் சர்வேதான். ஆகவே ஆன்லைன் என்பது இங்கே குற்றமில்லை. உள்ளே வந்தவர் யார், வராதவர் யார் என்பதுதான் பிரச்சினை.

உங்கள் தலைப்பில் அந்தப் பிரச்சினை இன்னும் கூர்மையானது. லிங்க் போன குழுக்களின் பட்டியலைப் பார்த்தேன். முக்கால்வாசி, ஏதோ ஒரு வகுப்பின் மாணவர் குழுக்கள். வகுப்பை விட்டவர் முதலில் என்ன செய்வார்? குழுவை மியூட் செய்வார், அப்புறம் வெளியேறிவிடுவார். நீங்கள் தேடும் ஆள், நீங்கள் கூப்பிட்ட இடத்தில் இல்லை. "எந்த ஆன்லைன் வகுப்பையாவது பாதியில் விட்டிருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு 412 பேரில் 131 பேர்தான் ஆம் என்றிருக்கிறார்கள்.

படிவமும் உங்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. 34 கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் கட்டாயம். கூகுள் ஃபார்ம், 'சமர்ப்பி' அழுத்தியவர்களின் பதில்களைத்தான் உங்களிடம் தரும். பதினைந்தாவது கேள்வியில் சலித்து மூடியவர் உங்கள் கோப்பில் ஒரு வரியாகக்கூட இல்லை. பாதியில் விடுகிறவர்களைப் பற்றிய ஆய்வுக்கு, பாதியில் விடுகிறவர்களை வடிகட்டி வெளியே தள்ளும் கருவி! சிரிக்காதீர்கள், நானும் இதைச் செய்திருக்கிறேன்.

சரி, உங்கள் நண்பர் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை. எக்ஸ்ப்ளோரேட்டரி ஆய்வு என்றால் துழாவிப் பார்ப்பது. எதைத் தேடுகிறோம் என்று தெளிவாகத் தெரியாதபோது, எங்கே தோண்டலாம் என்று பார்ப்பதற்கான வேலை. டேட்டாவைத் துழாவும் கலைக்கு 1977இல் ஒரு புத்தகமே எழுதி அதற்குப் பெயரும் தந்த புள்ளியியலாளர் ஜான் டூக்கி, அதைத் துப்பறியும் வேலை என்றார். கருதுகோளை உறுதிசெய்வதை நீதிமன்ற வேலையோடு ஒப்பிட்டார். துப்பறிகிறவருக்குச் சுதந்திரம் அதிகம். யாரையும் சந்தேகிக்கலாம், எந்தக் கதவையும் தட்டலாம், ஒரே தடயத்தைப் பத்து விதமாகப் புரட்டிப் பார்க்கலாம். தீர்ப்பு மட்டும் எழுதக் கூடாது. "எதைப் போட்டாலும் ஒத்துக்கொள்வார்கள்" என்று நண்பர் சொல்வது, துப்பறிகிறவரே நாற்காலி மாறி உட்கார்ந்து தீர்ப்பும் எழுதிவிடலாம் என்பதற்குச் சமம். நல்ல எக்ஸ்டர்னல் முதலில் கைவைக்கும் இடம் அதுதான்.

உங்கள் டேட்டாவால் "இப்படியும் ஒரு காரணம் இருக்கிறது" என்று சொல்ல முடியும். "இத்தனை சதவீதம் பேருக்கு இதுதான் காரணம்" என்று சொல்ல முடியாது. மீதி யோசனையெல்லாம் இதிலிருந்து கிளைப்பதுதான்.

இனி கோப்பு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றுவதற்கு முன்னால் அரை நாள் ஒதுக்கி, வரி வரியாக வெறும் கண்ணால் பாருங்கள். நான் பார்த்ததில் தட்டுப்பட்டவை சிலவற்றைச் சொல்கிறேன்.

"வாரத்துக்கு எத்தனை மணி நேரம் படிக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு 1-2, 3-5, 6-10, 10க்கு மேல் என்று விருப்பங்கள் கொடுத்திருக்கிறீர்கள். கோப்பில் அந்த நெடுவரிசையில் இருப்பது '01-ஃபெப்', '03-மே', '06-அக்'. சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பை) எக்செலில் நேராகத் திறந்ததும் அது இவற்றைத் தேதி என்று நினைத்து மாற்றிவிட்டது. நீங்கள் கவனிக்காததில் அவமானம் ஒன்றுமில்லை. மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே இந்த எக்செல் தொல்லைக்காக மார்ச்1, செப்ட்1 போன்ற ஜீன்களின் பெயர்களை மாற்றி 2020இல் புது விதிமுறை வெளியிட்டது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்துக்கு அறிக்கை தயாரித்தபோது, இதே தேதிகளை மாதங்கள் என்று நம்பி, மே மாதத்தில்தான் அதிகம் படிக்கிறார்கள் என்று பார் சார்ட்டே போட்டுக் காட்டினேன். "சர்வே எடுத்தது நவம்பரில் ஒரே வாரம்தானே?" என்று கூட்டத்தில் ஒருவர் மெதுவாகக் கேட்டார். அந்த மௌனம் இன்னும் காதில் இருக்கிறது. அடுத்த முறை விருப்பங்களை '1 முதல் 2 மணி' என்று எழுதிவிடுங்கள். இந்தக் கோப்புக்கு, மூலத்தை மறுபடி இறக்கி, எக்செலில் திறக்காமல் இறக்குமதி செய்து, அந்த நெடுவரிசையை 'எழுத்து' என்று குறித்துவிட்டால் போதும். தமிழ் எழுத்துகள் கட்டங்களாகவும் குறிகளாகவும் சிதைந்திருக்கும் சில வரிகளும், இறக்குமதியின்போது எழுத்துக் குறியீட்டு முறையை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தால் சரியாகும்.

அடுத்தது காரணங்களின் அட்டவணை. 'வேலை' 58, 'குடும்பப் பொறுப்புகள்' 58 என்று இரண்டு வரிகளில் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் மிகச் சரியாக 58 என்றதும் எனக்கு உறுத்தியது. ஒன்றுக்கு மேற்பட்ட பதிலைத் தேர்ந்தெடுக்க விட்டால், கூகுள் ஃபார்ம் அவற்றைக் கூகுள் ஷீட்டில் ஒரே கட்டத்தில் காற்புள்ளி போட்டு அடுக்கும். நீங்கள் காற்புள்ளி உள்ள இடத்திலெல்லாம் வெட்டிப் பிரித்திருக்கிறீர்கள். ஆனால் படிவத்தில் ஒரு விருப்பத்தின் பெயரே 'வேலை, குடும்பப் பொறுப்புகள்'. ஒரே காரணம் இரண்டாகப் பிறந்துவிட்டது. இப்படி இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எண்கள் கண்ணில் பட்டால் எப்போதும் சந்தேகப்படுங்கள்.

நேர முத்திரையையும் பாருங்கள். ஓர் இரவில் பதினாறு நிமிடத்துக்குள் 37 பதில்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் ஒரே வயது, ஒரே படிப்பு. ஏதோ ஒரு வகுப்பில் ஆசிரியர் "எல்லாரும் இப்போதே நிரப்புங்கள்" என்று சொல்லியிருப்பார். அவை பொய்ப் பதில்கள் என்று சொல்லவில்லை. ஆனால் அவை 37 தனித்தனிக் குரல்களும் இல்லை; ஒரே வகுப்பறையின் குரல். அப்புறம், 19 பேர் 14 கூற்றுகளுக்கும் ஒரே எண்ணைப் போட்டிருக்கிறார்கள். "பாடம் சுலபமாக இருந்தது" என்பதற்கும் 5, "பாடம் எனக்குக் கடினமாக இருந்தது" என்பதற்கும் 5. இவர்கள் படிக்காமல் கடந்து போனவர்கள். அந்த எதிர்மறைக் கூற்றை வைத்தது யாருடைய யோசனையோ, நல்ல யோசனை.

இவர்களைச் சத்தமில்லாமல் அழித்துவிடாதீர்கள். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துவிட்டு, ஒரு பிரதியில் 'சந்தேகம்' என்று புதிய நெடுவரிசை சேர்த்து, ஏன் என்று எழுதுங்கள். கணக்குகளை அவர்களோடு ஒரு முறை, அவர்கள் இல்லாமல் ஒரு முறை போடுங்கள். இரண்டிலும் ஒரே கதை வந்தால் நிம்மதி. மாறினால், எங்கே மாறியது என்பதையே எழுதலாம்.

அடுத்து, சராசரிகள். "சான்றிதழ் கிடைப்பது எனக்கு முக்கியம்" என்ற கூற்றின் சராசரி 3.1 என்றும், ஆகவே "பங்கேற்பாளர்கள் சான்றிதழ் குறித்து நடுநிலையில் உள்ளனர்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். பதில்களை எண்ணிப் பார்த்தேன். 1 போட்டவர்கள் 118 பேர், 2 போட்டவர்கள் 49, 3 போட்டவர்கள் 41, 4 போட்டவர்கள் 82, 5 போட்டவர்கள் 122. சராசரி 3.1தான், பிழையில்லை. ஆனால் நடுவில் நிற்பது 41 பேர், பத்தில் ஒருவர்! மீதிப் பேர் இரண்டு முகாம்களாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு பக்கம் சான்றிதழே வேண்டாம் என்கிறவர்கள், இன்னொரு பக்கம் அதற்காகத்தான் வந்தேன் என்கிறவர்கள். 'நடுநிலை' என்று நீங்கள் எழுதிய ஆள் அங்கே இல்லவே இல்லை.

ஒரு பார் சார்ட் போட்டிருந்தால் இது ஒரு நொடியில் தெரிந்திருக்கும். 1973இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம்ப் என்ற புள்ளியியலாளர் நான்கு சிறிய டேட்டா தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரி, ஒட்டுறவு (இரண்டு விவரங்கள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்ற எண்) எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைந்து பார்த்தால் ஒன்று சிதறிய கோடு, ஒன்று வளைவு, ஒன்றில் நேர்கோட்டிலிருந்து ஒரே ஒரு புள்ளி துள்ளி நிற்கிறது, ஒன்றில் ஒரு புள்ளியைத் தவிர மற்றதெல்லாம் செங்குத்தாக அடுக்கியிருக்கிறது. 14 கூற்றுக்கும் 14 படம் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டு, இரண்டு நாள் அவற்றுக்கு முன்னால் டீ குடியுங்கள். எந்தச் சோதனையும் போடுவதற்கு முன்னால் நான் செய்யும் வேலை இதுதான். இரண்டு முகாமாகப் பிரியும் கூற்றுகள் வேறு எவை, அதே ஆட்கள்தான் ஒவ்வொன்றிலும் பிரிகிறார்களா என்று பார்க்கும்போது ஆய்வு தானாக நகரத் தொடங்கும்.

அந்த மூன்று 'முக்கியமான' முடிவுகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்கள் கொஞ்சம் சந்தோஷப்பட்டது அங்கே மட்டும்தான். 14 கூற்றுகள், 5 பின்னணி விவரங்கள். ஆக 70 சோதனைகள். எதற்கும் எதற்கும் தொடர்பே இல்லை என்றாலும், 0.05 என்ற கோட்டுக்குக் கீழே தற்செயலாக 100க்கு 5 விழும். 70க்கு எத்தனை? 3.5. உங்களுக்குக் கிடைத்தது 3. ஒன்றுமே இல்லாத இடத்தில் எவ்வளவு எதிர்பார்ப்போமோ, கிட்டத்தட்ட அவ்வளவுதான் வந்திருக்கிறது.

அந்த மூன்றில் பெரியது என்று நீங்கள் குறித்திருப்பது, வருமானத்துக்கும் வீடியோ நீளம் பற்றிய கூற்றுக்கும் உள்ள ஒட்டுறவு: 0.10. ஆட்கள் 412 என்றால் 0.10 இருந்தாலே 0.05ஐத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதன் வர்க்கம் 0.01. ஒருவரது வருமானம் தெரிந்தால், அந்தக் கூற்றுக்கான பதில்களில் உள்ள வேறுபாட்டில் நூற்றில் ஒரு பங்குதான் விளங்கும். அதை வைத்து ஒரு அத்தியாயம் எழுதப் போகிறீர்களா?

தூக்கி எறியவும் வேண்டாம். "70 சோதனைகள் செய்தோம், மூன்று கோட்டுக்குக் கீழே வந்தன, தற்செயலுக்கு எதிர்பார்ப்பதும் ஏறக்குறைய இதே அளவு" என்று மூன்றையும் சேர்த்து ஒரே பத்தியில் எழுதுங்கள். 70 என்ற எண்ணை மறைப்பதுதான் தவறு. அடுத்த முறை கோப்பு கைக்கு வந்ததும், பார்ப்பதற்கு முன்னாலேயே குலுக்கல் முறையில் பாதியைப் பிரித்துப் பூட்டிவையுங்கள். ஒரு பாதியில் துழாவுங்கள். கிடைத்ததை மறு பாதியில் ஒரே ஒரு முறை சோதியுங்கள். இப்போது இதைச் செய்ய முடியாது, முழுவதையும் பார்த்தாகிவிட்டது. அப்படியே செய்தாலும் தற்செயலைத்தான் அது பிடிக்கும். குழுவில் இல்லாத ஆளைக் கொண்டுவந்து சேர்க்காது.

ஃபாக்டர் அனாலிசிஸ்? கைடு சொன்னால் போடுங்கள். 14 கூற்றுக்கு 412 பேர் போதும். அந்த 19 பேரை நீக்கிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே எண் போட்ட சோம்பலும் ஒரு 'காரணி'யாக வந்து நிற்கும். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்ஃபாவையும் அதுவே உயர்த்திக் காட்டலாம். எத்தனை காரணிகள் என்பதை, ஐகன் மதிப்பு (ஒரு காரணி எவ்வளவு வேறுபாட்டை விளக்குகிறது என்ற எண்) ஒன்றுக்கு மேல் என்ற பழைய விதியை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். 1965இல் ஹார்ன் என்ற ஆய்வாளர் சொன்ன பேரலல் அனாலிசிஸைச் சேர்த்துப் பாருங்கள்; தற்செயலாக உருவாக்கிய எண்களோடு ஒப்பிடும் முறை அது. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் கோப்பின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது, நீங்கள் தொடவே இல்லை. "விட்டதற்கான காரணத்தை உங்கள் வார்த்தைகளில் எழுதுங்கள்" என்ற கேள்வி. 131 பேரில் 96 பேர் உருப்படியாக ஏதோ எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் படிக்க எனக்கு நாற்பது நிமிடம்தான் ஆனது. அதில் 41 பேர் 'நேரம் இல்லை', 'டைம் இல்ல', 'நேரமின்மை', 'நோ டைம்' என்று ஏதாவது ஒரு வடிவில் தொடங்குகிறார்கள். சொற்களை மட்டும் எண்ணும் மென்பொருளிடம் கொடுத்தால் இவற்றை நான்கு தனிக் காரணங்கள் என்று சொல்லும். மனிதர் எண்ணினால் ஒரே காரணம் என்பார். இரண்டுமே தவறு. மூன்று பதில்களை அப்படியே தருகிறேன்:

"டைம் இல்ல. ஒரு வீடியோ 50 நிமிஷம். நடுவுல நிறுத்தினா எங்க விட்டேன்னே தெரியல, மறுபடி முதல்லேர்ந்து பாக்கணும்."

"நேரம் இல்லை. நடுவுல வேலை கிடைச்சிடுச்சு. அந்த வேலைக்கு வேண்டியது முதல் நாலு பாடத்துலயே இருந்தது."

"நேரமில்லை. ரெண்டு வாரம் தவறிடுச்சு. எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. திரும்ப உள்ள போகவே கூச்சமா இருந்தது."

மூன்று பேரும் நேரம் இல்லை என்றுதான் சொல்கிறார்கள். முதலாமவருக்குத் தடை வீடியோவின் அமைப்பு. மூன்றாமவருக்குத் தடை வெட்கம்; அவருக்கு நேரம் இருந்திருக்கலாம். இரண்டாமவர்? அவர் எதையுமே இழக்கவில்லை, வந்த வேலை முடிந்தது, கிளம்பிவிட்டார். படிவத்தை வடிவமைக்கும்போதே 'பாதியில் விடுவது தோல்வி' என்று முடிவு கட்டிவிட்டீர்கள். உங்கள் 14 கூற்றுகளில் ஒன்றுகூட "எனக்குத் தேவையானது கிடைத்துவிட்டது" என்று சொல்ல இடம் தரவில்லை. இப்படி எழுதியவர்களை எண்ணினேன், ஒன்பது பேர். ஒன்பதை 96ஆல் வகுத்துச் சதவீதம் போடாதீர்கள். ஒன்பது பேர், அதற்கென்று பெட்டியே இல்லாத படிவத்தில், தாங்களாக எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. உங்கள் ஆய்வில் புதிதாகக் கிடைத்திருப்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதல் முப்பது பதில்களை நீங்களும் ஒரு தோழியும் தனித்தனியாகப் படித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓரிரு சொல்லில் குறிப்பு எழுதுங்கள். அப்புறம் உட்கார்ந்து ஒப்பிடுங்கள். நீங்கள் 'சோம்பல்' என்று எழுதிய இடத்தில் அவர் 'கூச்சம்' என்று எழுதியிருப்பார். அந்தச் சண்டையில்தான் வகைகள் தெளிவாகும். வகைகளை ஒரு பக்கத்தில் வரையறுத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். 'மற்றவை' என்ற கூடை நிரம்பி வழிந்தால், வகைகளை மறுபடி பாருங்கள்.

அதன் பிறகு, விட்டவர்களில் பத்துப் பன்னிரண்டு பேரோடு பேசுங்கள். ஒன்றாக வகுப்பில் சேர்ந்து தங்களுக்கு முன்னால் விட்ட நண்பர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அவர்களிடமே கேளுங்கள். குழுவை விட்டுப் போனவர்களைப் பிடிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. குலுக்கல் மாதிரி ஆகிவிடாது. ஆனால் இதுவரை கேட்காத குரல்கள் வரும், துழாவும் ஆய்வுக்கு அது போதும்.

இரண்டாவது சுற்று சர்வே எடுப்பதாக இருந்தால் கேள்விகளை 12க்குள் அடக்குங்கள், கட்டாயக் குறியை எடுத்துவிடுங்கள். "வீடியோக்கள் தெளிவாகவும் சுவையாகவும் இருந்தன" என்பது போன்ற கூற்றுகளை இரண்டாக வெட்டுங்கள். தெளிவாக இருந்து அலுப்புத் தட்டியது என்கிறவர் அதில் எதைப் போடுவார்? சொல் தேர்விலும் கவனம் வேண்டும். 1941இல் டொனால்ட் ரக் என்ற ஆய்வாளர் வெளியிட்ட ஒரு சோதனை உண்டு. ஜனநாயகத்துக்கு எதிரான பொதுப் பேச்சுகளை அனுமதிக்க வேண்டுமா என்று அமெரிக்கர்களில் ஒரு பாதியிடம் கேட்டபோது 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தடை செய்ய வேண்டுமா என்று மறு பாதியிடம் கேட்டபோது 46 சதவீதம் பேர்தான் ஆம் என்றார்கள். அனுமதிக்காததும் தடுப்பதும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். பதில் சொல்கிறவருக்கு 'தடை' கனமான சொல். 'பாதியில் விட்டீர்களா' என்பதும் கனமான சொல்தான். 'முடிக்காத வகுப்பு ஏதாவது உண்டா' என்று கேட்டுப் பாருங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஐந்து பேரைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பச் சொல்லுங்கள். எந்த இடத்தில் விரல் நிற்கிறதோ, அந்தக் கேள்வி சரியில்லை.

இனி எக்ஸ்டர்னல். அவர் "ரெஸ்பான்ஸ் ரேட் என்ன?" என்று கேட்பார், அதாவது லிங்க் கிடைத்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் நிரப்பினார்கள் என்று. லிங்க்கை எத்தனை பேர் பார்த்தார்கள், யார் யாருக்கு அனுப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. வகுக்க வேண்டிய எண்ணே இல்லாதபோது விகிதம் இல்லை. அதையே சொல்லுங்கள். 384 சூத்திரத்தை ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், அது இருந்தால்தான் வம்பு. "ஆன்லைன் கற்போரில் 44 சதவீதம் பேர்" என்று நீங்கள் எழுதியிருக்கும் இடங்களிலெல்லாம் "பாதியில் விட்டதாகச் சொன்ன 131 பேரில் 58 பேர்" என்று மாற்றுங்கள். வரம்புகள் என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி போட்டுத் தப்பிப்பதைவிட, முறையியல் அத்தியாயத்திலேயே குழுக்களின் பட்டியல், லிங்க் போன தேதிகள், கேள்விகளின் முழு வாசகம், யாரை ஏன் ஒதுக்கிவைத்தீர்கள் என்பது எல்லாவற்றையும் கொடுத்துவிடுங்கள். இவ்வளவையும் நீங்களே மேசையில் வைத்துவிட்டால், அவர் குறை தேடுவதை விட்டுவிட்டு அந்த ஒன்பது பேரைப் பற்றித்தான் கேட்பார்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எனக்கு அனுப்பிய கோப்பில் 412 பேரின் கைபேசி எண்களும் அப்படியே இருந்தன. படிவத்தில் எண் கட்டாயம். எதற்கு என்று எங்கேயும் சொல்லவில்லை. என் பிரதியில் அந்த நெடுவரிசையை அழித்துவிட்டேன். உங்கள் பக்கத்தில் எண்களைத் தனிக் கோப்பாகப் பிரித்து, கடவுச்சொல் போட்டு வையுங்கள். கைடுக்கோ, தோழிக்கோ, வேறு யாருக்கோ அனுப்பும் கோப்பில் அவை இருக்கக் கூடாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரை நேராக அழைத்துவிடாதீர்கள். நீங்கள் யார், எதற்காகப் பேச விரும்புகிறீர்கள், விருப்பமில்லையென்றால் பதில் சொல்லத் தேவையில்லை என்று முதலில் ஒரு செய்தி அனுப்புங்கள். சரி என்கிறவர்களிடம் மட்டும் பேசுங்கள்.